நோல்பெர்த்தோ என்ற ஐந்து பேர்

கெம்ச்சி தீயணைப்பு நிலையத்தில்
சம்பளம் வாங்குகிறவர் யாருமில்லை.
ஒரு வண்டி, ஒரு விறகடுப்பு,
ஏழாம் எண் அமுங்காத ஒரு கணினி.
கணினிக்குள் ஒரே பெயர்: நோல்பெர்த்தோ.

அவன் கையெழுத்துப் போட்டு வாங்கிய கணக்கு.
பிப்ரவரியில் அவன் போய்விட்டான்.
குலுக்கல் சீட்டுப் பணத்தில்
நாற்பதாயிரம் பெசோ உதைக்கிறதே என்று
எல்லார் முன்னாலும் ரோசமெல் கேட்டுவிட்டான்.
தலைக்கவசத்தை ஆணியில் மாட்டினான்.
கதவைக்கூட அறைந்து சாத்தவில்லை.

எட்டு மாதம் நாங்கள் அவனாக இருந்தோம்.
காலையில் ஒர்ஃபெலினா அவனாகி
குழாய்களின் நீளத்தைப் பதிவாள்.
எர்னால்தோ அவனாகிப் பந்தாட்ட முடிவு பார்ப்பான்.
பள்ளிக்கூடம் விட்டு வரும் யெர்கோ அவனாகி
ஏழு வராத கணக்குகளை மட்டும் போடுவான்.
இரவுக் காவலில் நான் அவனாகி
வாங்கப்போவதில்லை என்று தெரிந்தே
படகு எஞ்சின்களின் விலை விசாரிப்பேன்.
ரோசமெலும்தான்.
பெயர் வரும் இடத்தில் மட்டும்
கண்ணை விசைப்பலகையில் வைத்துக்கொள்வான்.

வெள்ளிக்கிழமை, சாந்தியாகோவில் யாரோ
புதிய காவல் மென்பொருளை ஏற்றினார்கள்.
சனிக்கிழமை அது எங்களைக் கண்டுகொண்டது.
ஒரே ஆள்
பத்து விரலால் தட்டுகிறான், ஒற்றை விரலாலும் தட்டுகிறான்.
ஒரு வேளை பிழையே இல்லை,
மறு வேளை 'தண்ணீர்' என்று எழுதவே வரவில்லை.
உறங்குவதும் கிடையாது.
இப்படி ஒரு மனிதன் இருக்க முடியாது என்று
அது முடிவு கட்டியது.
தப்பென்று சொல்ல எங்களுக்கு வாயில்லை.

திரை முழுக்கச் சிவப்பு.
*நீங்கள்தான் நோல்பெர்த்தோவா?
உங்கள் கைபேசிக்கு
ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறோம்.*

டீசல் கணக்கு நள்ளிரவுக்குள் போயாகவேண்டும்.
போகாவிட்டால் நவம்பர் முழுக்க
வண்டி கொட்டகையில் நிற்கும்.
ஒர்ஃபெலினா மாத்தே கிண்ணத்தை நீட்டினாள்,
ரோசமெல் வாங்கவில்லை.
அவன் எண் யாரிடமும் இல்லை என்றோம்.
எல்லோரிடமும் இருந்தது.

நான்தான் அழைத்தேன்.
சால்மன் ஆலையின் இரைச்சலுக்குள்ளிருந்து வந்தது குரல்:
"காலையிலிருந்து எண்ணாக வந்து விழுகிறது.
பதினோரு தடவை.
எவனோ நானாகப் பார்க்கிறான்."
நாங்கள்தான், என்றேன்.
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"அங்கே மழையா?"
மழைதான்.
கையுறையைக் கழற்றிவிட்டு வாசித்தான்:
மூன்று. பூஜ்யம். பூஜ்யம்.
"வண்டியின் இடது விளக்கைச் சரிசெய்தீர்களா?"
ஒன்பது...
அறுபது நொடி முடிந்திருந்தது.

இரண்டாவதில் ஒரு ஏழு.
"ஏழா?" என்றான் எர்னால்தோ.
"ஐயோ, ஏழு," என்றான் அந்தப் பக்கத்தில்
அந்த விசையில் மாத்தேயைக் கொட்டியவன்.
யெர்கோ கரண்டிக் காம்பால் நெம்பிப் பார்த்தான்.
முதலில் யார் சிரித்தது தெரியவில்லை.
சிரித்து முடிப்பதற்குள் அதுவும் காலாவதி.

மூன்றாவதற்குக் காத்திருந்தோம்.
அழைப்பு திறந்தே கிடந்தது,
இங்கே தகரத்தில் மழை,
அங்கே மீன்களை நகர்த்தும் பட்டையின் கிறீச்சு.
ரோசமெல் அடுப்பில் ஒரு கட்டையைப் போட்டான்.
தேவையில்லாமல் இன்னொன்றும் போட்டான்.
பிறகு கைபேசியின்மேல் முகம் படும்படி குனிந்து
"அந்தப் பணம்..." என்று தொடங்கினான்.
"வந்துவிட்டது, எழுதிக்கொள்," என்றான் நோல்பெர்த்தோ,
"நான்கு, நான்கு, ஒன்று..."
எழுதிக்கொண்டது ரோசமெல்,
உள்ளங்கையில்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு
டீசல் கணக்கு போய்ச் சேர்ந்தது.
அனுப்பியவர்: நோல்பெர்த்தோ.
இந்த முறை
அதில் பாதியாவது உண்மை.